அக்ரிலிக் விண்கல மாடல்: ஒட்டிய இடமெல்லாம் மயிரிழை விரிசல், வழி சொல்லுங்க

3 மி.மீ. காஸ்ட் (வார்த்தெடுத்த) அக்ரிலிக் தகடு, லேசரில் வெட்டியது, 40 செ.மீ. தட்டு வடிவக் கலம். ஒட்டுவதற்கு விடும் குளோரோஃபார்ம் தொட்டதுமே வெட்டு விளிம்பில் சிலந்தி வலை மாதிரி விரிசல். உள்ளே எல்இடி எரிந்தால் ஒவ்வொரு கோடும் பளிச்சென்று காட்டிக்கொடுக்குது. லேசர் சூட்டில் விளிம்பில் தங்கிப்போகும் இறுக்கம்தான் காரணம். (ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் இதே கதை.)

ஒட்டும் முன்பே 80 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் (சூட்டடுப்பில்) வைத்து, கதவைத் திறக்காமல் ஆறவிட்டால் விரிசல் இல்லை. ஆனால் 2 மி.மீ. அகல ஜன்னல் சட்டங்கள் வளைஞ்சிடுது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கியவர்கள் இருக்கீங்களா? ஆறுவதற்கு எவ்வளவு நேரம் விட்டீங்க?

வயரிங் சரியா இருக்கு: 12 வோல்ட், மூன்று வெள்ளை எல்இடி தொடராக, 220 ஓம் மின்தடை. ஒளி கசியாமலிருக்க உள்பக்கம் தண்ணீரில் கரையும் கறுப்பு பெயின்ட், அதன்மேல் வெள்ளை.