பாயின்ட் மாற்றியதிலிருந்து பழைய அவுட்போர்டு படகு மோட்டார் ரிட்டர்ன் அடிக்கிறது, டைமிங் கோளாறா?

கோரையாற்றுக்காரன்:

அண்ணன்மாருக்கு வணக்கம். முத்துப்பேட்டை லகூனில் நண்டு வலைக்குப் போகிறோம். மோட்டார் அப்பா வாங்கியது, 8 எச்.பி., ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மேலே சுழல்கிற காந்தச் சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியில் பாயின்ட் (திறந்து மூடி பிளக்கில் பொறி வர வைக்கிற தொடுமுனை) இருக்கிற பழைய வகை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ரெண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தது, அதற்குப் பிறகும் ஓடியது. போன மாதம் ஒரு பட்டறையில் ரெண்டு பாயின்ட்டும் கண்டென்சரும் மாற்றினோம். முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது பதினைந்து தடவை கயிறு இழுத்தால்தான் பிடிக்கிறது, சில நேரம் என்ஜின் எதிர்ப்பக்கம் சுழன்று ரிட்டர்ன் அடித்துக் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்குகிறது. அப்பாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. கார்பரேட்டர் வழியாக டப் டப்பென்று வெடிக்கிறது, பாதி திராட்டிலுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. பாயின்ட் கேப் 0.5 மி.மீ., ஃபீலர் கேஜ் வைத்து நானே பார்த்தேன். பிளக்கும் புதுசு. பாயின்ட் உட்காருகிற டைமிங் பிளேட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பார்க்கலாமா?

பழையாறு:

மண்ணெண்ணெயில் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் கரைக்கு வருவதற்கு முன் கடைசி சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் காலையில் கயிறு இழுத்துக் கை ஓய்ந்துவிடும். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள், கருத்து ஈரமாக இருக்கும்.

கோரையாற்றுக்காரன்:

பெட்ரோலில்தான் அண்ணே நிறுத்துகிறோம். ரெண்டு பிளக்கும் ஒரே மாதிரி இருக்கிறது, ரெண்டிலும் கரண்ட் வருகிறது, ஆனால் மங்கலாக.

தரங்கம்பாடி மெக்கானிக்:

தம்பி, பிளேட்டில் கை வைக்காதீர்கள். பிளேட் திராட்டிலோடு சேர்ந்து நகர்ந்து டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி வருகிற நேரத்தை, முன்னே கொண்டுபோகிற அமைப்பு அது. அந்த இணைப்பைக் கலைத்துவிட்டால் உண்மையான கோளாறு ஒரு பக்கம், நீங்கள் உண்டாக்கினது ஒரு பக்கம் என்று ரெண்டாகிவிடும்.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது ரெண்டு சிலிண்டரும் ஒரே மாதிரி என்பது. இந்த வகையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (பிளக்குக்குக் கரண்ட் உண்டாக்குகிற சுருள்), தனிப் பாயின்ட், தனிக் கண்டென்சர். காயில் போயிருந்தால் ஒன்றுதான் சாகும், அதிலும் சூடேறிய பிறகுதான் பெரும்பாலும் சாகும், அப்போது ரெண்டு காயிலையும் இடம் மாற்றிப் போட்டால் கோளாறும் கூடவே இடம் மாறும். ரெண்டும் சேர்ந்து கெடுகிறது என்றால் ரெண்டுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும், அதாவது ஃப்ளைவீல், அதைக் கிராங்க் தண்டில் சரியான இடத்தில் நிறுத்துகிற சின்னத் துண்டான கீ, பிளேட்டின் எர்த்.

எனக்குக் கீ மேல்தான் சந்தேகம். பட்டறையில் ஃப்ளைவீலைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஃப்ளைவீலைப் பிடித்து வைத்திருப்பது கீ இல்லை, கிராங்கின் கூம்பு முனையில் அது இறுகி உட்காருகிற பிடிதான். அந்த முனையில் கிரீஸ் இருந்தாலோ நட்டை முறுக்குவிசை பார்க்காமல் விட்டிருந்தாலோ ஃப்ளைவீல் நழுவி அரைவட்டக் கீயை அறுக்கும். பாதி அறுந்தாலே போதும், காந்தம் வந்து நிற்கிற இடமும் பாயின்ட் திறக்கிற நேரமும் ஒன்றுக்கொன்று ஒத்து வராது. கரண்ட் மங்கும், நேரம் தப்பும், ரிட்டர்ன் அடிக்கும். முதல் வாரம் ஓடிவிட்டுப் பிறகு கெட்டது என்கிறீர்களே, அதுவும் இதோடு பொருந்துகிறது.

கழற்றும்போது திருப்புளியால் நெம்பவோ சுத்தியலால் தட்டவோ கூடாது, காந்தமும் கிராங்கும் பாழாகும். மேலே இருக்கிற மூன்று ஓட்டையில் போல்ட் மாட்டி இழுத்துக் கழற்றுகிற புல்லரை வாடகைக்காவது வாங்குங்கள். கஜாவில் முங்கியது என்பதால் பிளேட்டின் எர்த் திருகுகளையும் உப்பு போகத் தேய்த்துவிடுங்கள். பிளக் கழற்றிக் கயிறு இழுத்துப் பார்க்கும்போது ரெண்டு பிளக் கேபிளையும் என்ஜினில் எர்த் செய்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும், பக்கத்தில் பெட்ரோல் டின் இருக்கவே கூடாது.

கோரையாற்றுக்காரன்:

அண்ணே, நீங்கள் சொன்னதுதான். கீ நடுவில் வெட்டுப்பட்டு ஏணிப்படி மாதிரி நிற்கிறது, கிராங்க் முனையில் விரல் வைத்தால் கிரீஸ் வழுக்குகிறது. கிராங்கில் கீ உட்காரும் பள்ளம் நன்றாகத்தான் இருக்கிறது. புதுக் கீ கிடைக்கிற வரை வெல்டிங் கடையில் இரும்புத் துண்டை ராவி ஒன்று செய்துகொள்ளலாமா? வலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

தரங்கம்பாடி மெக்கானிக்:

வேண்டாம் தம்பி. ஒரு இழை குறைந்தாலும் டைமிங் மறுபடி தப்பும், கெட்டியான இரும்பாக இருந்தால் அடுத்த தடவை கீக்குப் பதில் கிராங்கின் பள்ளம் உடையும், அது பெரிய செலவு. இன்று பக்கத்துப் படகில் போய் வலையைத் தூக்கிவிடுங்கள். புதுக் கீ வந்ததும் கிராங்க் முனையையும் அது உட்காருகிற ஃப்ளைவீல் துளையையும் பெட்ரோலில் துடைத்துக் காய்ந்த பிறகு மாட்டி, அந்த மாடலின் கையேட்டில் உள்ள முறுக்குவிசைக்கு நட்டை இறுக்குங்கள்.

பாயின்ட் எப்போது திறக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் காயில் ஒயரைப் பாயின்ட்டிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் காயில் வழியாகவே மீட்டர் இணைப்பு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும், பாயின்ட் திறந்ததே தெரியாது. கேப் அதிகமானால் சீக்கிரம் திறக்கும், குறைந்தால் தாமதமாகும். அதனால் ரெண்டிலும் ஒரே அளவு இருக்கட்டும்.

கோரையாற்றுக்காரன்:

சரி அண்ணே, புல்லர் இருக்கிறது, கீக்குச் சொல்லியிருக்கிறேன். மாட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். இந்தத் தடவை கயிறு நான்தான் இழுக்கப் போகிறேன், அப்பாவை விட மாட்டேன்.