விரல்கள் மரத்துப்போகின்றன: ஸ்டெம்மை மாற்றுவதா, சீட்டை நகர்த்துவதா?

கேள்வி
என்னுடையது வளைந்த ஹேண்டில்பார் கொண்ட ரோடு பைக். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சொன்னதற்குக் கடையில் சீட்டை முடிந்தவரை முன்னே தள்ளி, அதன் மூக்கையும் சற்றுக் கீழே சாய்த்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து முழங்காலின் முன்பக்கமும் வலிக்கிறது. ஹேண்டில்பாரைப் பைக்கின் முன்பகுதியோடு இணைக்கும் 110 மி.மீ. ஸ்டெம்மை எடுத்துவிட்டு 80 மி.மீ. போட்டால் சரியாகுமா?

பதில் 1
ஸ்டெம்மை இப்போது தொட வேண்டாம். சீட்டின் இடத்தைப் பெடலை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஹேண்டில்பார் எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை நகர்த்தக் கூடாது. சீட் முன்னே போய் மூக்கும் சரிந்திருந்தால் உடல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கும் வேலை கைகளுக்கு வந்துவிடும். நீங்கள் சொல்லும் அந்த இரு விரல்களுக்கான அல்னர் நரம்பு, உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து அடிப்பகுதி வழியாகத்தான் போகிறது. முழங்காலின் முன்வலிக்கும் சீட் முன்னே இருப்பதோ தாழ்ந்திருப்பதோதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் ரசமட்டம் வைத்துச் சீட்டைச் சமமாக்குங்கள். பிறகு வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கவட்டில் இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்து, அந்த அளவை 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கரம்) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை ஏறத்தாழ 70.6 செ.மீ. வரும். அடுத்து, கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, முன்னிருக்கும் காலின் முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழேயுள்ள எலும்பு மேட்டிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நூல் பெடல் அச்சை ஒட்டி விழ வேண்டும். இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. தொடங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவே. சீட் பின்னே போகும்போது பெடலுக்கான தூரமும் சிறிது கூடுவதால், உயரத்தை மீண்டும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. மரத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது, முழங்காலும் தேவலை. ஆனால் பிரேக் பிடியில் கை வைத்தால் முழங்கை விறைத்தே நிற்கிறது.

பதில் 2
இனி ஸ்டெம்மைப் பார்க்கலாம். அது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், புதிதாக எதையும் வாங்குமுன் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 6 பாகை சாய்வுள்ள 110 மி.மீ. ஸ்டெம் என்றால் ஹேண்டில்பார் சுமார் 2 செ.மீ. உயரும், எட்டவேண்டிய தூரமும் கொஞ்சம் குறையும். போதாவிட்டால் 90 வாங்குங்கள். ஒரேயடியாக 80க்கு இறங்கினால் திருப்பும்போது பைக் படபடப்பாக இருக்கும். வாங்கும்போது ஸ்டெம் கவ்விப் பிடிக்கும் ஹேண்டில்பாரின் நடுப்பகுதியின் விட்டம் 31.8 மி.மீ. தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் வரிசைதான் முக்கியம். ஸ்டெம்மை ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) குழாயோடு கவ்வும் பக்கவாட்டு போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்போதே, ஸ்டெம்மின் உச்சியிலுள்ள மேல்மூடி போல்ட்டை இறுக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் நின்றவுடன் அதை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக்கி, பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ஸ்டெம்மிலேயே அச்சிடப்பட்டிருக்கும், பலவற்றில் 5 நியூட்டன் மீட்டர். ஃபோர்க்கின் குழாய் கார்பன் என்றால் டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் திருகுச்சாவி) இல்லாமல் கைவைக்காதீர்கள்.