மெக்சிகோவில் இசமால்: முக்கால் மணி நேரம் போதுமா, தங்கணுமா?

வண்ணை ரிட்டயர்டு:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணும் மாப்பிள்ளையும் ஹூஸ்டன்ல இருக்காங்க. டிசம்பர்ல நானும் வீட்டம்மாவும் போறோம். மெக்சிகோ கிட்டதானே, கான்கூன் பீச்சுல நாலு நாள் போட்டுடலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு. காசிமேட்டுக் காத்து வாங்கி வளர்ந்தவன் நான், அவ்ளோ காசு செலவு பண்ணி இன்னொரு பீச்சான்னு இழுக்குது. ஆனா பிரமிடு பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

டூர்காரன் அனுப்பின பட்டியல்ல சிச்சென் இட்சாங்கிற பிரமிடு ஊரை முடிச்சுட்டு இசமால்னு ஒரு சின்ன ஊர்ல முக்கால் மணி நேரம் நிறுத்தம் போட்டிருக்கான். படத்துல ஊரே மஞ்சளா இருக்கு, நடுவுல பெரிய மாதா கோயில். அந்த முக்கால் மணி நேரம் போதுமா? தங்குற அளவுக்கு அங்க ஏதாவது இருக்கா? வீட்டம்மாவுக்கு முட்டி வலி. செவ்வாய், வெள்ளி கவுச்சி தொடமாட்டாங்க. கையில அமெரிக்க விசா மட்டும்தான் இருக்கு. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

ராயபுரம் போசன்:

சார், முதல்ல விசா. செல்லுபடியாகிற அமெரிக்க விசா பாஸ்போர்ட்ல இருந்தா மெக்சிகோவுக்குத் தனியா விசா வாணாம், 180 நாள் வரைக்கும் இருக்கலாம். ஆனா திரும்ப ஹூஸ்டன் போவணுமே, அதனால உங்க விசா பல தடவை நுழையற வகைதானான்னு ஒரு தபா பாத்துக்கோங்க. ஹூஸ்டன்ல இருந்து யுகாடான் மாநிலத் தலைநகர் மெரிடாவுக்கு நேரா ஃபிளைட் இருக்கு, கான்கூன் பக்கமே போவ வேண்டியதில்ல. மெரிடாவுக்குக் கிழக்கால 70 கிலோமீட்டர் சொச்சத்துல இசமால். பஸ் இருக்கு, ஷேர் வேனும் இருக்கு. 2023 டிசம்பர்ல விட்ட மாயா ரயிலும் நிக்குது, ஆனா ஸ்டேஷன் ஊருக்கு வெளியில, அங்கிருந்து இன்னொரு வண்டி புடிக்கணும்.

நான் போனது திட்டம் போட்டு இல்ல. கப்பல்ல போசனா, அதாவது டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரியா இருந்தப்போ, மெரிடா கிட்ட ப்ரோக்ரெசோ துறைமுகத்துல சைன் ஆஃப் ஆகி எறங்கினேன். ஏஜென்ட் டிக்கெட் போட இழுத்தடிச்சான். மெரிடா ஓட்டல் ரூம்ல செவுத்தப் பாத்துக்கினு கெடக்க முடியாம, எந்த பஸ் முதல்ல கெளம்புதோ அதுல ஏறிட்டேன். அது இசமால் பஸ்.

எறங்கினா மஞ்சள்தான். வீடு, கடை, பேங்க், எல்லாச் செவுரும் மஞ்சள், ஓரம் வெள்ளை. போட்டோவுக்கு நல்லாருக்கும், அத்தோட விடுங்க. பாக்க வேண்டியது வேற.

யுகாடான் பூராவும் சுண்ணாம்புக்கல் தரை. அந்தப் பக்கத்துல மலையும் கெடையாது, ஆறும் கெடையாது. மழைத்தண்ணி கல்லுக்குள்ள எறங்கி பூமிக்கடியில ஓடுது. அதனால அங்க மேடுன்னு ஒண்ணு கண்ணுல பட்டா அத்த மனுசன் கட்டியிருக்கான்னு அர்த்தம். இசமால்ல வீட்டுக் கொல்லைக்குப் பின்னால, சந்து முனையில, இப்டி மேடு மேடா நிக்குது. எல்லாம் அந்த ஊரு மாயா மக்கள் கட்டின பிரமிடு. கபுல், இட்சமாதுல்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்கு.

பெருசு கினிச் கக்மோ, சூரியசாமியோடது. சுமார் 35 மீட்டர் ஒசரம், அடிவாரம் ஒரு பக்கம் 200 மீட்டர் கிட்ட வரும். வாசல் வீட்டு வரிசைக்கு நடுவுல இருக்கு, தெரியாம தாண்டிப் போயிடுவீங்க. டிக்கெட் கெடையாது. சிச்சென் இட்சாவுல பெரிய பிரமிடு மேல ஏற வுடமாட்டாங்க, சுத்தி நின்னு பாக்கணும். இங்க ஏறலாம். முதல்ல அகலமா ஒரு மேடை, அது மேல புல்லும் மரமும். அத்த நடந்து தாண்டினா ரெண்டாவது அடுக்கு. படி குறுகல், வழுவழுன்னு தேஞ்ச கல்லு, புடிச்சுக்க கம்பி இல்ல. முப்பது வருசம் கப்பல் ஏணியில ஏறி எறங்கின காலு என்னுது, அப்டியும் எறங்கும்போது ஒக்காந்து ஒக்காந்துதான் வந்தேன். வீட்டம்மாவ ஏத்தாதீங்க. நீங்க மட்டும் வெயில் தாழ்ந்து போங்க, ஆனா வெளிச்சம் இருக்கும்போதே கேட்டை மூடிடுவாங்க. மேல நின்னா நாலு பக்கமும் பச்சை, கண்ணுக்கெட்டின வரைக்கும் ஒரே மட்டம். நடுவுல மஞ்சளா மடம் மட்டும்.

அந்த மடத்துக்கு வீட்டம்மா தாராளமா போவலாம், சரிவுப்பாதை இருக்கு. நீங்க படத்துல பாத்த மாதா கோயில் அதுதான், புனித அந்தோணியார் மடம். 1553-ல ஆரம்பிச்சு 1561-ல முடிச்சிருக்காங்க. அதுவும் பிரமிடு மேலதான் நிக்குது. பாப் ஹோல் சாக்னு ஒரு கோயில் மேடை. மேல இருந்தத இடிச்சுட்டு, அந்தக் கல்லையே எடுத்து மடம் கட்டினாங்க. முன்னாடி முற்றம் அவ்ளோ பெருசு, சுத்தி வளைவு வளைவா தாழ்வாரம். 1993 ஆகஸ்ட்ல போப் ரெண்டாம் ஜான் பால் வந்தப்போ பழங்குடி மக்கள அங்கதான் சந்திச்சாரு. வத்திகானுக்கு அடுத்து இதுதான் பெருசுன்னு கைடுங்க சொல்லுவாங்க, கேட்டுக்கோங்க.

நீங்க பாக்க வேண்டியது செவுரு. பூச்சு உதிர்ந்த எடத்துல நின்னு பாருங்க. நான் பாத்த கல்லுல சதுரச் சதுரமா உள்ளுக்குள்ள சுத்திப் போவுற கோடு செதுக்கியிருந்தது. கோடு பாதியில அறுந்து நிக்குது. பக்கத்துக் கல்லு சாதாக் கல்லு. அந்த மீதிக் கோடு வேற எந்தச் செவுத்துல எந்தப் பக்கமா திரும்பிக் கெடக்குதோ. விரலால தடவினா உளி எறங்கின ஆழம் இன்னும் தெரியுது. முக்கால் மணி நேரத்துல டூர்காரன் உங்கள இந்தச் செவுத்தாண்ட நிக்க வுடமாட்டான், வளைவுல நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்து பஸ்ல ஏத்திடுவான். அதுக்குத்தான் சொல்றேன், ஒரு ராத்திரி தங்குங்க.

மண்ணடி பழசு:

போசன் அண்ணே சொன்னதுக்கு மேல ஒரு விஷயம். அந்த மடத்தைக் கட்டவைத்தவர்களில் முக்கியமானவர் டியேகோ தே லாண்டா என்ற துறவி. மடம் முடிந்த மறு வருடம், 1562 ஜூலை 12-ல், மானி என்ற ஊரில் மாயா மக்களின் ஓலை… ஓலை இல்லை, மரப்பட்டைத் தாளில் எழுதிய மடிப்புப் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நாலே நாலு. அதே ஆள் ஸ்பெயினுக்குப் போய், செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில், மாயா மக்களின் வழக்கம், நாள்காட்டி, எழுத்து எல்லாவற்றையும் எழுதியும் வைத்தார். அதில் இருந்த எழுத்துப் பட்டியலை வைத்துத்தான் சோவியத் அறிஞர் யூரி க்னோரோசவ் 1952-ல் மாயா எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். கொளுத்தியவன் குறிப்பே சாவியானது.

கபுல் பிரமிடில் ஒரு பிரம்மாண்டமான சுதை முகம் இருந்தது. 1840-களில் வந்த ஃப்ரெடரிக் கேதர்வுட் அதை வரைந்து வைத்தார். இப்போது படம்தான் இருக்கிறது, முகம் இல்லை.

நம் பக்கமும் நடந்திருக்கிறது. ஐகோர்ட்டு நிற்கும் இடத்தில் இருந்த சென்னக்கேசவப் பெருமாள் கோயிலைக் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று கும்பினியார் 1757-ல் இடித்தார்கள். ஆனால் நமக்குப் பூக்கடைப் பக்கம் மாற்று இடமாவது கிடைத்தது.

ராயபுரம் போசன்:

மண்ணடி தம்பி, அந்த லாண்டாவுக்கு இசமால்லயே செல இருக்கு தெரியுமா? மடத்தாண்டயே. நான் பாத்தப்போ கீழ மூணு பொம்பளைங்க, கழுத்துலயும் ஓரத்துலயும் பூ வேலை செஞ்ச வெள்ளை அங்கி போட்டுக்கினு, மாயா பாஷையில வாயாடிக்கினு இருந்தாங்க. செலய யாரும் நிமிந்து கூடப் பாக்கல. எனக்குத்தான் கோவம் வந்துது. ஊர்க்காரங்களுக்கே வராத கோவம் எனக்கு இன்னாத்துக்குன்னு நெனச்சேன், ஆனா வந்துது.

வியாசை தமிழன்:

மாயன் இனமே மறைஞ்சு போச்சே? 2012-ல உலகம் அழியும்னு சொன்னவங்கதானே? அந்தப் பிரமிடுங்களை நம்ம தமிழன் கடல் தாண்டிப் போய்க் கட்டினதா ஒரு வீடியோ பார்த்தேன். அதுக்கு அங்க ஏதாவது அடையாளம் இருந்துச்சா போசன் சார்?

ராயபுரம் போசன்:

தம்பி, நானும் கடல் தாண்டினவன்தான், அடையாளம் எதுவும் பாக்கல. உலகம் அழியும்னு அவங்க சொல்லல; அவங்க பெரிய நாள் கணக்குல ஒரு சுத்து அந்த வருசம் முடிஞ்சுது, அவ்ளோதான். மறைஞ்சும் போவல. யுகாடான்ல லட்சக்கணக்குல மாயா பேசுறவங்க இருக்காங்க. பிரமிடு கட்டினவங்க பேரப்புள்ளைங்க கீழ மார்க்கெட்ல தக்காளி வித்துக்கினு நிக்கிறாங்க. அவங்க எதிர்க்க நின்னு "இத்த எங்காளு கட்டினான்"னு சொல்ல எனக்கு வாய் வராது.

கப்பல்காரனா எனக்குப் புரிஞ்சது வேற ஒண்ணு. சிசல் கயிறுன்னு ஸ்டோர்ல சுருட்டி வெச்சிருப்போம். கையொற இல்லாம இழுத்தா உள்ளங்கையில சிலும்பு ஏறும், ராத்திரி விளக்கு வெளிச்சத்துல ஊசியால எடுக்கணும். சிசல்ங்கிறது யுகாடான்ல ஒரு பழைய துறைமுகம். ப்ரோக்ரெசோ வர்றதுக்கு முன்னால நார் கட்டு எல்லாம் அங்கிருந்துதான் கப்பல் ஏறும். எனெக்கென்னு ஒரு கத்தாழை, இசமால் சுத்துவட்டாரம் முழுக்க அதோட தோட்டம். நூறு வருசம் முன்னால அமெரிக்காவுல அறுவடை மிஷின் கதிர்க்கட்டு கட்ட அந்த நார்தான் போச்சு. மெரிடாவுல மாளிகை மாளிகையா நிக்குதே, அந்தக் காசு. மட்டை வெட்டினவன் கடன்ல மாட்டின மாயாக்காரன், முதலாளி தோட்டத்த வுட்டு வெளிய போவ முடியாது. பிளாஸ்டிக் கயிறு வந்து அந்தத் தொழில் படுத்துச்சு.

எண்ணூர்க்காரி:

வண்ணை ஐயா, என் வீட்டுக்காரர் வேலைக்காக நாங்க மெரிடாவில் இருந்தோம். சாப்பாட்டு விஷயம் நான் சொல்றேன், ஆம்பளைங்க இதைக் கவனிக்க மாட்டாங்க. அங்க கறுப்புக் காராமணி மாதிரி ஒரு பயறு எல்லாத்துலயும் வரும். பார்க்க சைவம், ஆனா பெரும்பாலும் பன்றிக் கொழுப்புல தாளிச்சிருப்பாங்க. "சின் மந்தேகா"ன்னு கேளுங்க, கொழுப்பு வேணாம்னு அர்த்தம். கேட்டுட்டு அவங்க முகத்தையும் பாருங்க, தயங்கினா அந்தத் தட்டு அம்மாவுக்கு வேணாம்.

சிகில் பாக்னு ஒண்ணு கிடைக்கும். பூசணி விதையை வறுத்து, சுட்ட தக்காளி, கொத்தமல்லி சேர்த்து அரைச்சது. நம்ம துவையலேதான், சோளச் சில்லு தொட்டுச் சாப்பிடலாம். ஹபனேரோ மிளகாய் அரைச்சது தனியா வைப்பாங்க. வடசென்னை நாக்குன்னு கரண்டியால எடுத்துடாதீங்க, நுனியில தொடுங்க. ஐயாவுக்கு கவுச்சி ஓகேன்னா ஞாயித்துக்கிழமை காலையில கொச்சினிதா பிபில்: பன்றிக்கறியை நாரத்தை மாதிரிப் புளிப்புப் பழச்சாறுலயும் செக்கச்செவேல்னு ஒரு விதை மசாலாவுலயும் ஊறவெச்சு, வாழையிலையில சுத்தி, குழி அடுப்புல வேகவெச்சது. பத்து மணிக்கு மேல போனா தீர்ந்துடும்.

டிசம்பர் நல்ல மாசம். ஏப்ரல், மே அடுப்பு. ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை, புயல் பயம். யுகாடான் மாநிலம் மெக்சிகோவுல அமைதியான இடம், ராத்திரி கடைவீதியில குழந்தையைக் கூட்டிக்கிட்டு நடந்திருக்கேன்.

வண்ணை ரிட்டயர்டு:

மூணு பேருக்கும் நன்றி. மாப்பிள்ளைகிட்ட பேசிட்டேன். மெரிடா, இசமால் தங்கல், அங்கிருந்து ஒரு பகல் சிச்சென் இட்சா. கான்கூன் கட். வீட்டம்மா சர்ச்சுல மாதாவைப் பாக்கணும்கிறாங்க. ஊர் சுத்த குதிரை வண்டி படத்துல பாத்தேன், ஏறலாமா? டிசம்பர் 7, 8 தேதியில ரூம் பாக்கச் சொல்லியிருக்கேன்.

ராயபுரம் போசன்:

குதிரை வண்டி முட்டிக்கு நல்லது சார். குதிரைக்குக் கூட ஓலைத்தொப்பி போட்டிருப்பான், காதுக்கு ஓட்டை வுட்டு. ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க. மதியம் வாணாம், குதிரையும் பாவம்.

மாதா சொரூபம் மடத்துல பலிபீடத்துக்கு மேல இருக்கு. பின்னால போனா கிட்ட நின்னு பாக்க ஒரு அறை உண்டு, கொஞ்சம் படி ஏறணும், மெதுவா கூட்டினு போங்க. யுகாடானுக்கே அவங்கதான் காவல். ஆனா டிசம்பர் 8 அவங்க திருநாள். சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் நடந்தே வருவாங்க, அன்னிக்கு ரூம் கெடைக்காது, கெடைச்சாலும் வெல தாறுமாறா இருக்கும். கூட்டம் பாக்கணும்னா மெரிடாவுல தங்கி அன்னிக்குப் பகல்ல போய்ட்டு வாங்க. செவுரு பாக்கணும்னா 10, 11 தேதிக்கு மாத்திப் போடுங்க.