பழைய ஹார்ட் டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன், விண்டோஸ் பூட் ஆகவில்லை. உதவி வேண்டும்

டிடிபி கடை மகள்:
வணக்கம். அப்பா விருதுநகர் பக்கம் 12 வருடமாக டிடிபி கடை நடத்துகிறார். போன வாரம் மின்னல் அடித்த ராத்திரியில் கடைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. செகண்ட் ஜெனரேஷன் ஐ3, எச்61 போர்டு. ஒரு ஆபீசில் கழித்துவிட்ட சிக்ஸ்த் ஜெனரேஷன் ஐ5, 8 ஜிபி ராம், செகண்ட் ஹேண்டில் வாங்கி, பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்கை அப்படியே கழற்றி இதில் மாட்டினேன். கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைசஸ் ஃபவுண்ட்' என்று ஒரே ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. ஆனால் கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸ் செட்டிங்குக்குள் போனால் டிஸ்கின் பெயர், அளவு இரண்டும் சரியாகத் தெரிகின்றன.

பென் டிரைவில் விண்டோஸ் 10 ஏற்றி ரிப்பேர் செய்யப் போய், தெரியாமல் இன்ஸ்டால் பக்கத்துக்குள் நுழைந்துவிட்டேன். டிஸ்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, இதில் இன்ஸ்டால் செய்ய முடியாது என்றது. அங்கேயே 'டெலீட்' பட்டனும் இருந்தது. வாங்கின கடையில் கேட்டால், டெலீட் கொடுத்து ஃபார்மட் அடித்துவிடுங்கள் என்கிறார்கள். மவுஸை அதன் மேல் வைத்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தேன், அப்படியே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று இத்தனை வருட வேலையும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரில் பாமினி தமிழ் ஃபாண்டில் அதற்குள்தான் இருக்கிறது. பேஜ்மேக்கர் சிடி இப்போது கையில் இல்லை, அதனால் விண்டோஸ் அப்படியே எழுந்து வந்தால்தான் கடை நடக்கும்.

நெட்வொர்க் தம்பி:
ரிப்பேர் கமாண்ட் பிராம்ப்டில் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுங்க அக்கா, டிஸ்கின் பூட் பகுதியைப் புதிதாக எழுதும். அப்புறம் செக்டிஸ்க், அது டிஸ்க் பிழைகளைத் திருத்தும். சரியாகிவிடும்.

சர்வீஸ் டேபிள்:
தங்கச்சி, அந்த இரண்டையும் இப்போதைக்குத் தொடாதே. தம்பி தப்பாக நினைக்க வேண்டாம், அவை டிஸ்க் கெட்டிருந்தால் செய்கிற வைத்தியம். இங்கே கெட்டது மதர்போர்டு. டிஸ்க் போர்டு போகும்வரை ஓடியது, பயாஸிலும் தெரிகிறது, அப்படியென்றால் கேபிளும் பவரும் சரி. நன்றாக இருக்கிற டிஸ்கில் எதற்கு எழுத வேண்டும்? பிளக்கைப் பிடுங்கினாயே, அது போதும், எதுவும் அழிந்திருக்காது.

முதல் வேலை, பென் டிரைவில் உபுண்டு என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' கொடுத்து உள்ளே போய், கடை ஃபைல்கள் மொத்தத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடு. சி டிரைவில் இருக்கிற ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் விட்டுவிடாதே, அந்தப் பாமினி ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் எல்லாம் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் கொட்டும். காப்பி முடியும்வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

இரண்டாவது, உன் இன்ஸ்டால் திரை சொன்ன அந்த வரியில்தான் காரணம் இருக்கிறது. பழைய போர்டில் விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில், எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் பட்டியல் உள்ள டிஸ்கில் போடப்பட்டிருக்கிறது. புது மெஷின் யூஈஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் மட்டும் தேடுகிறது. அது கேட்கிற ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இந்த டிஸ்கில் கிடையாது, அதனால்தான் டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்தும் பூட் செய்ய எதுவுமில்லை என்கிறது. பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய், லெகசி ஆப்ஷன் ராம்ஸ் என்று ஒன்று இருந்தால் அதை ஆன் செய், அப்புறம் பூட் மோடை லெகசிக்கு மாற்று. என்ன வருகிறது என்று சொல்.

டிடிபி கடை மகள்:
காப்பி எடுக்க நேற்று ராத்திரி முழுக்க ஆனது அண்ணா, இப்போது எல்லாம் வெளி டிஸ்கில் இருக்கிறது. லெகசிக்கு மாற்றினேன், விண்டோஸ் லோகோ வந்தது! அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் புள்ளி வட்டம் நாலு சுற்று சுற்றியதும் நீலத் திரை, 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்'. திரும்பத் திரும்ப அதே.

சர்வீஸ் டேபிள்:
நல்ல செய்திதான் தங்கச்சி, ஒரு கதவு திறந்துவிட்டது. இப்போது விண்டோஸ் எழுந்துவிட்டது, ஆனால் தான் உட்கார்ந்திருக்கிற டிஸ்கையே அதனால் படிக்க முடியவில்லை. பயாஸில் சாட்டா ஆபரேஷன் என்று இருக்கும், டிஸ்கோடு போர்டு பேசும் முறை அது, அது எதில் இருக்கிறது பார். ஆபீஸ் மெஷின்கள் பலவற்றில் ரெய்டு (பல டிஸ்கைச் சேர்த்து ஓட்டும் முறை) என்று வைத்திருப்பார்கள். அதை ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்று.

அப்படியும் நீலத் திரை வந்தால் பயப்படாதே. பழைய போர்டில் ஐடிஈ என்ற இன்னும் பழைய மோடில் போட்டிருப்பார்கள். விண்டோஸ் 10 தனக்குத் தேவைப்படாத டிஸ்க் டிரைவர்களை (டிஸ்கைப் படிக்க உதவும் சிறு மென்பொருட்களை) ஒதுக்கி வைத்துவிடும், அவசியமானவற்றோடு மட்டும் எழும் சேஃப் மோடில் எழுந்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை பூட் தோற்றால் ரிப்பேர் திரை தானாக வரும், அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், 4ஐ அழுத்து. ஒருமுறை சேஃப் மோடில் டெஸ்க்டாப் வந்துவிட்டால் அடுத்தமுறை சாதாரணமாகவே வரும்.

டிடிபி கடை மகள்:
வந்துவிட்டது அண்ணா!! ரெய்டில்தான் இருந்தது. ஏஹெச்சிஐ மாற்றியும் ஒரு தடவை நீலத் திரை, சேஃப் மோடு போய் வந்ததும் 'கெட்டிங் டிவைசஸ் ரெடி' என்று சதவீதம் ஓடி டெஸ்க்டாப் வந்தது. அப்பா முதலில் திறந்தது ஆவணி முகூர்த்தப் பத்திரிகை ஒன்றை, பெண் வீட்டார் மூன்று நாளாகப் போன் செய்துகொண்டே இருந்தார்கள்.

இரண்டு சந்தேகம். ஆக்டிவேட் செய் என்கிறது. 8 ஜிபி ராம் இருந்தும் 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேலேதான் பயன்படும் என்று காட்டுகிறது, ராம் பழுதா?

சர்வீஸ் டேபிள்:
ராம் நன்றாகவே இருக்கும், உங்கள் விண்டோஸ் 32 பிட் என்ற பழைய வகை. அது 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. பேஜ்மேக்கருக்கு இதுவே தாராளம். ஆக்டிவேஷன் மதர்போர்டோடு கட்டப்பட்டது, போர்டு மாறியதால் கேட்கிறது. தனியாக வாங்கின கீ இருந்தால் அதைப் போடு.

நெட்வொர்க் தம்பி:
அண்ணா, என் மெஷின் 12வது ஜெனரேஷன், அதில் லெகசியே இல்லை. இதே மாதிரி டிஸ்க் வந்தால்?

சர்வீஸ் டேபிள்:
2020க்குப் பிறகு வந்த பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள் தம்பி. அப்போது டிஸ்கையே எம்பிஆரிலிருந்து ஜிபிடி என்ற புது பார்ட்டிஷன் முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது, டேட்டா அழியாமல் மாற்றும். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனும் கூடாது. முதலில் மாற்ற முடியுமா என்று சோதிக்கும் வேலிடேட் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கன்வர்ட் கொடுக்க வேண்டும், அதற்கும் முன்னால் பேக்கப். ஆனால் 64 பிட் விண்டோஸுக்குத்தான் இது உதவும், இந்தத் தங்கச்சியின் 32 பிட் அந்த மெஷினில் எழுந்திருக்காது. அதனால்தான் இங்கே லெகசி வழியே போனோம்.

தங்கச்சி, அந்த டிஸ்க்குக்கு வயது எத்தனை?

டிடிபி கடை மகள்:
கடை திறந்த வருடம் வாங்கியது அண்ணா.

சர்வீஸ் டேபிள்:
அப்படியென்றால் இனி அதை நம்பி ஒரு மாதம்கூடத் தள்ளாதே. 512 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, முழு டிஸ்கையும் அப்படியே அச்சு அசலாக நகல், அதாவது குளோன், எடு. எது சோர்ஸ், எது டார்கெட் என்று அளவைப் பார்த்து இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு ஓகே கொடு, தலைகீழாகப் போனால் எல்லாம் போய்விடும். எஸ்எஸ்டியில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியபிறகு பழையதை ஒரு கவரில் போட்டுப் பீரோவில் வை.

டிடிபி கடை மகள்:
எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன் அண்ணா. இன்று கடை அடைத்ததும் குளோன் போடுகிறேன், அப்பாவும் கூட இருக்கிறேன் என்கிறார்.