10 மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும் குடிக்கிறாள், சாப்பாடு இறங்கவில்லை

ஈரோட்டில் இருக்கிறோம். மகளுக்கு 10 மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறாள், சாப்பாடு மட்டும் மூன்று ஸ்பூனுக்கு மேல் இறங்குவதில்லை. 6 மாதத்தில் 7.1 கிலோ, போன வாரம் 7.7.

ஆறு மாதம் முடிந்ததும் ராகிக் கூழில் தொடங்கினோம். எட்டாம் மாதம் வரை கிண்ணம் காலியாகும். கீழே இரண்டு பல் முளைத்த சமயம் நிறுத்தியவள்தான். நெய் விட்டுக் குழைத்த பருப்பு சாதம், ரசத்தில் ஊறிய இட்லி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முட்டை மஞ்சள் கரு எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. மிக்ஸியில் அடிக்காமல் கையால் மசித்தும் கொடுத்தேன். ஸ்பூனைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டு என் நைட்டியைப் பிடித்து இழுக்கிறாள். மனசு கேட்காமல் பால் கொடுத்துவிடுகிறேன்.

பகலில் ஆறு தடவை, இரவில் நான்கைந்து தடவை பால். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை, நன்றாகத் தவழ்கிறாள். டாக்டர் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதினார், பாலை நிறுத்த வேண்டாம் என்றார். அத்தை, பாலை நிறுத்தினால் தானாகச் சாப்பிடுவாள் என்கிறார். 2 வயது வரை கொடுக்கத்தான் எனக்கு ஆசை.

இந்த வயதில் இதைச் சமாளித்த அம்மாக்கள் சொல்லுங்கள்: பாலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இடைவெளி விட்டீர்கள்?