வளவு வீட்டுக் கடிதத்தில் 'பொறுப்பு' போடுவதா, 'கடமை' போடுவதா?

முகப்புத் திண்ணை:
கானாடுகாத்தான் பக்கம் எங்கள் அய்யா காலத்து வீடு. வளவைச் (வீட்டின் உள்கட்டை) சுற்றி ஆளுக்கு ஓர் அறை, முகப்பும் முற்றமும் இரண்டாங்கட்டும் பொது, பங்காளிகளில் பாதிப் பேர் வெளிநாட்டில். போன மழையில் ஓடு சரிந்து தேக்குச் சட்டம் நனைந்துகொண்டிருக்கிறது. ஐப்பசிக்குள் வேலையை முடிக்கலாம் என்று எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதி, 'பொது இடங்களைப் பராமரிப்பது ஒவ்வொரு புள்ளியின் பொறுப்பு' என்று போட்டேன். (தெரியாதவர்களுக்கு: நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி.) சிங்கப்பூர்ப் பங்காளி ஒருவர், 'பொறுப்பு' வேண்டாம், 'கடமை' என்று மாற்று, இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்கிறார். இரண்டும் ஒன்றுதானே? ஓடு விழுகிறது, இவர் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஐந்தொகை:
அவர் நிற்பதில் அர்த்தம் இருக்கிறது அண்ணே. நான் காரைக்குடியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் திறங்கள், இருப்புநிலைக் குறிப்பில் இடப்பக்கம் பொறுப்புகள், வலப்பக்கம் சொத்துகள். அங்கே பொறுப்பு என்றால் அடுத்தவருக்கு நாம் கொடுத்தாக வேண்டியது, அவ்வளவுதான். 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு' கம்பெனியில் நட்டம் வந்தால் போட்ட பங்குப் பணத்தோடு போயிற்று. பர்மாவில் விலாசம் (தொழில் பெயர்) போட்டு வட்டிக்கடை நடத்திய நம் ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. 1930-களில் நெல் விலை விழுந்ததும் 1942-ல் ஜப்பான்காரன் நுழைந்ததும் அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று வீட்டுக்கு வீடு கதை இருக்கிறது. அந்த வீட்டுப் பேரன் 'பொறுப்பு' என்ற தாளில் கையெழுத்துப் போட யோசிப்பான். கடமை என்று போடுங்கள், யாருக்கும் வலிக்காது.

தேவகோட்டை டீச்சர்:
வலிக்காதா? தம்பி, சோழர் பாண்டியர் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது வரி. நிலத்துக்குக் கட்ட வேண்டிய வரி. 'கடன்' என்ற சொல்லிலேயே செய்ய வேண்டியதும் திருப்பித் தர வேண்டியதும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று புறநானூற்றுத் தாய் சொல்கிறாள், அடுத்த அடியிலேயே 'சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' என்று ஆளுக்கு ஆள் பங்கு பிரித்து வைக்கிறாள், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு என்று அப்புறமும் போகிறது. அப்பர் 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்றதை எல்லோரும் சொல்வார்கள், அதற்கு முன்னால் 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்' என்று சிவன் பேரிலேயே ஒரு கடனை எழுதி வைத்ததை விட்டுவிடுவார்கள். கடமை என்றால் யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடத்தக்கது. உங்கள் சிங்கப்பூர்க்காரர் லேசான சொல் என்று நினைத்துக் கேட்டிருந்தால் ஏமாந்துபோனார்.

ஐந்தொகை:
டீச்சர், கல்வெட்டு வரியை இன்று யார் கட்டுகிறார்கள்? இன்றைக்குக் காதில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். 'ஏதோ கடமைக்குச் செய்தான்' என்றால் மனசில்லாமல் செய்தான் என்றுதானே அர்த்தம். பந்தியில் கடமைக்குப் பரிமாறினால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடுவார்களா? அவ்வளவு தேய்ந்த சொல். அதனால்தான் கையெழுத்துக்குப் பாதுகாப்பு என்கிறேன்.

பெட்டியடிப் பையன்:
அப்படியானால் அதே வாயால் 'பொறுப்பாகச் செய்தான்' என்று புகழ்கிறோமே அண்ணே, அது மட்டும் ஏன் பயமுறுத்துகிறது? 'பொறு' என்பதற்குத் தாங்குவது, சுமப்பது என்றுதான் பொருள். பொறுமையும் அதில் வந்ததுதான். கண்ணோட்டம் (இரக்கம்) இல்லாதவர்கள் 'நிலக்குப் பொறை' என்கிறது குறள், அதாவது பூமிக்குச் சுமை.

எனக்குப் படுகிற வித்தியாசம் வேறு. பொறுப்பை ஒருவர் ஏற்கலாம், இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், விலகலாம். கடமையை ஆற்றலாம், தவறலாம். 'கடமையை ஒப்படைத்தேன்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தாசில்தார் மாறிப்போனால் வேறொருவர் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போடுகிறார்கள், ஆள் வந்ததும் அது போய்விடுகிறது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போன நம் மேலாட்களும் (முதலாளிக்காகக் கடை பார்த்தவர்கள்) அப்படித்தான். கடை முதலாளியுடையது, பெட்டிச் சாவியும் பேரேடும் மேலாள் கையில். மூன்று வருஷக் கணக்கை முடித்து ஒப்படைத்தால்தான் பொறுப்பு இறங்கும். 'அதனை அவன்கண் விடல்' என்று வள்ளுவர் சொன்னதும் ஆளைத் தேர்ந்து ஒருவனிடம் விடுவதைத்தான். 'ஒவ்வொரு புள்ளியின் பொறுப்பு' என்று எழுதினால் திண்ணையண்ணே, ஓடு மாற்றக் கொத்தனாரைக் கூப்பிடப் போவது யார்?

முகப்புத் திண்ணை:
நான்தான், வேறு யார். ஊரில் இருக்கிறவன் தலையில்தானே எல்லாம்.

கோட்டையூர் ஆச்சி:
பொறுப்பா கடமையா என்று இத்தனை பேர் பேசுகிறீர்கள், 'புள்ளி'யை யாரும் தொடவில்லை. கல்யாணமாகிப் போன பெண் புகுந்த வீட்டுக் கோயிலில்தான் புள்ளி. பிறந்த வீட்டுக் கணக்கில் அவள் இல்லை. பாகம் பிரியாத பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று 2005-ல் சட்டமே திருத்திவிட்டார்கள். கடிதத்தில் 'ஒவ்வொரு புள்ளி' என்று போட்டால் பாத்தியம் உள்ள பெண்மக்களிடம் பணமும் கேட்கவில்லை, வீட்டை விற்கும்போது கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவீர்கள். பாத்தியம் யாருக்கோ அவர்களிடம் செலவையும் கேளுங்கள். நான் தரத் தயார், கேட்பார்தான் இல்லை.

ஐந்தொகை:
ஆச்சி சொல்வது நியாயம், அதை மறுக்கவில்லை. ஆனால் பாத்தியம், பொறுப்பு, கடமை எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் அடைத்தால் வக்கீலுக்குத்தான் கொண்டாட்டம். பழைய பத்திரங்களில் ஜவாப்தாரி, உத்தரவாதம் என்று தனித்தனியாகப் போடுவார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் ஜவாப்தாரி, சொன்னது நடக்காவிட்டால் ஈடுகட்ட வேண்டியவன் உத்தரவாதம் கொடுத்தவன். சிங்கப்பூர்க்காரர் பயப்படுவது இரண்டாவதற்கு. சுவர் விழுந்தால் ஈடு கேட்பார்களோ என்று.

தேவகோட்டை டீச்சர்:
சுவர் விழுந்தால் கடிதத்தில் எந்தச் சொல் இருந்தது என்றா முதலில் பார்ப்பார்கள்? வீடு யார் பெயரில் என்று பார்ப்பார்கள். பொறுப்பு வேண்டாம் என்று ஒதுங்குகிறவர் பங்கும் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பாரா, அதைக் கேளுங்கள் முதலில்.

முகப்புத் திண்ணை:
கேட்டால் போனை வைத்துவிடுவார் டீச்சர். சரி, இப்படி மாற்றியிருக்கிறேன்: 'பொது இடங்களின் செலவில் அவரவர் பாகத்துக்கு உரிய தொகையைத் தருவது பாத்தியமுள்ள ஒவ்வொருவரின் கடமை. வேலையைப் பார்த்து முடிக்கும் பொறுப்பை இந்த வருஷம் நான் ஏற்கிறேன்.' கோயிலுக்குப் புள்ளி வரி தருவதுபோல் தலைக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன், பாகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் விட்டுவிட்டேன்.

பெட்டியடிப் பையன்:
'இந்த வருஷம்' என்று போட்டீர்கள் பாருங்கள், அது நல்லது. அடுத்த வருஷம் யார் என்றும் இப்போதே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களோடேயே நின்றுவிடும்.

ஐந்தொகை:
எழுதியது சரி. பணம் குறைந்தால் யார் போடுவது? 'ஏற்கிறேன்' என்று ஒற்றை ஆளாக எழுதியிருக்கிறீர்கள், கொத்தனார் பாக்கிக்கு உங்களிடம்தான் வந்து நிற்பார். 'கையில் வந்த தொகைக்குள்' என்று அந்த வரியில் சேருங்கள். கணக்கை யார் பார்ப்பது என்றும் போடுங்கள். ஆச்சி பார்க்கட்டும், அவர்தான் பணம் தர முன்வந்த முதல் ஆள்.