அம்மாவின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. மீட்க வழி உண்டா, இனி எப்படிக் காத்துக்கொள்வது?

களுவாஞ்சிகுடி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. அப்பா காலமான பின் கிடைக்கும் விதவைகள் ஓய்வூதியமும், கட்டாரில் வேலை செய்யும் தம்பி மாதாமாதம் அனுப்பும் பணமும் அவருடைய ஒரே கணக்கில்தான் சேருகின்றன. சென்ற செவ்வாய்க்கிழமை காலை, "முகவரி தெளிவில்லாததால் உங்கள் பொதி தடுத்து வைக்கப்பட்டுள்ளது, மீண்டும் விநியோகிக்க 42 ரூபா செலுத்தவும்" என்று தபாலகத்தின் பெயரைப் போட்டு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு உடுப்பு அனுப்பியிருப்பதாகத் தம்பி சொல்லியிருந்த வாரம் அது. ஆகவே அம்மா சந்தேகப்படவே இல்லை. இணைப்பை அழுத்தி, அட்டை இலக்கம், காலாவதித் திகதி, அட்டையின் பின்பக்கத்திலுள்ள மூன்று இலக்கங்கள் ஆகியவற்றைக் கொடுத்து, வங்கியிலிருந்து வந்த ஆறு இலக்க ஓடிபியையும் (ஒருமுறை மட்டும் செல்லும் கடவு இலக்கத்தையும்) அதே பக்கத்தில் பதிந்திருக்கிறார். போனது 42 ரூபா அல்ல, 86,400 ரூபா.

பாடசாலை விட்டு வந்து அந்த ஓடிபி செய்தியைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு பதறியது. ஆங்கிலத்தில் இருந்தாலும், 86,400 என்ற தொகை அதில் தெளிவாகவே இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு பேர் சேர்ந்த சீட்டின் கணக்கை ஒரு ரூபா பிசகாமல் கொப்பியில் எழுதி வைப்பவர் அவர். ஆறு இலக்கத்தைத் தேடிய கண்ணில் அதற்கு மேல் இருந்த தொகை படவில்லை.

அன்றே வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்திவிட்டோம். மறுநாள் கிளைக்குப் போனபோது, "ஓடிபியை நீங்களே கொடுத்தபடியால் ஒன்றும் செய்ய இயலாது" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதற்கு மேல் எங்கே போகலாம்? அம்மா இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அயலில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்கிறார். கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிடும்படி உறவினர் ஒருவர் சொல்கிறார். தம்பியின் முகத்தை அவர் பார்ப்பதே அதில்தான் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கல்முனை, ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்:

மகள், அட்டையை அன்றே நிறுத்தியது மிகச் சரியான செயல். ஆனால் வாய்மொழியாகச் சொன்னதையும் வாய்மொழியாகக் கேட்டதையும் ஒரு முறைப்பாடாகக் கொள்ள முடியாது. நாளையே ஒரு கடிதம் எழுதுங்கள். குறுஞ்செய்தி வந்த நேரம், பணம் போன நேரம், தொகை, ஓடிபி செய்தியில் இருந்த வணிகரின் பெயர், அட்டையை நிறுத்த அழைத்த நேரம் ஆகிய எல்லாவற்றையும் திகதியுடன் எழுதி, இந்தக் கொடுக்கல் வாங்கலை மறுத்து முறையிடுவதாகத் தெளிவாகக் குறிப்பிட்டு, பிரதி ஒன்றில் கிளையின் முத்திரையையும் பெற்றுக்கொள்ளுங்கள். அட்டை மூலம் செலுத்திய பணத்தைப் பற்றி வணிகரின் வங்கியிடம் கேள்வி எழுப்ப அட்டை நிறுவனங்களின் விதிகளில் வழி இருக்கிறது. அதற்குக் காலக்கெடுவும் இருப்பதால் ஒரு நாளையும் வீணாக்க வேண்டாம். அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடவும் வேண்டாம். அனுப்பிய இலக்கமும் இணைப்பும் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள்.

வங்கியின் எழுத்துமூலப் பதில் திருப்தி தராவிட்டால், அல்லது பதிலே வராவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். முதலில் வங்கியிடம் முறையிட்டீர்களா என்று அவர்கள் கேட்பார்கள் என்பதால்தான் முத்திரையிட்ட பிரதியை வற்புறுத்துகிறேன். பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாட்டைப் பதிவு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், அட்டை மோசடிகளுக்கென்றே வந்த 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. போலி இணையப் பக்கத்தைப் பற்றி, சேர்ட் என்று அழைக்கப்படும் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

பணம் நிச்சயமாகத் திரும்பி வரும் என்று உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஓடிபி கொடுக்கப்பட்ட வழக்குகளில் வாடிக்கையாளர் பக்கம் பலவீனமானது. இருந்தாலும் எழுத்தில் கேட்காமல் விட்டுவிடுவதற்கு அது காரணமாகாது.

ஓடிபியைப் பற்றி ஒன்று. அதை வங்கி அனுப்பும் ஒரு இரகசிய இலக்கம் என்றே நாம் சொல்லிக் கொடுக்கிறோம். முன்பு காசோலையில் கையெழுத்திட்டோமே, அந்தக் கையெழுத்துக்குப் பதிலாக வந்ததுதான் இது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தொகை எழுதாத காசோலையில் அவர் ஒருநாளும் கையெழுத்திட மாட்டார் அல்லவா? நம் கணக்குக்குப் பணம் வருவதற்கு நம்முடைய கையெழுத்து தேவையில்லை, நம் ஓடிபியும் தேவையில்லை. பரிசு விழுந்திருக்கிறது, நிவாரணம் வந்திருக்கிறது என்று சொல்லி ஓடிபி கேட்பவர் எவராயினும், அவர் கேட்பது நம் பணம் வெளியே போவதற்கான கையெழுத்தைத்தான்.

திருக்கோவில் வாசகர்:

என் தந்தைக்கு இப்படி நடந்தபின் அட்டையை நானே வைத்துக்கொண்டு, அவருக்குச் சாதாரணக் கைத்தொலைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டேன். வயதானவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பது என் கருத்து.

காத்தான்குடி சகோதரி:

மேலே எழுதிய சகோதரரின் கருத்துடன் என்னால் உடன்பட முடியவில்லை. எங்கள் வீட்டில் ஏமாந்தவர் வயதானவர் அல்லர்; கணினி படித்து முடித்த என் காக்கா, அதாவது என் அண்ணன். நன்கு தெரிந்த ஒருவரின் வட்ஸ்அப்பிலிருந்து, "இணையவழிக் கூட்டம் ஒன்று இருக்கிறது, உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தை அனுப்புங்கள்" என்று வந்த செய்திக்கு அவர் இலக்கத்தை அனுப்பிவிட்டார். சில நிமிடங்களில் அவருடைய வட்ஸ்அப் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. பிறகு உம்மாவுக்கும், மாமாவுக்கும், வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்கும், "அவசரம், 25,000 ரூபா போட்டுவிடுங்கள், மாலைக்குள் தருகிறேன்" என்று அவர் பெயரிலேயே செய்திகள் போயின. மாமா போட்டுவிட்டார். உம்மா தப்பியதற்குக் காரணம், பணம் அனுப்பத் தெரியாததால் காக்காவுக்குச் சாதாரண அழைப்பு எடுத்து, "எப்படி மகன் போடுவது?" என்று கேட்டதுதான்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: எழுத்தில் பணம் கேட்டால், குரலைக் கேட்காமல் ஒருவரும் அனுப்புவதில்லை. அனுப்பும் முன் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்றும் பார்க்கிறோம். மாமா அனுப்பிய கணக்கின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாத பெயர். வட்ஸ்அப்பின் அமைப்புகளில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் நாமே ஒரு ஆறு இலக்கத்தை வைத்துக்கொண்டால், குறுஞ்செய்தியில் வரும் இலக்கம் மட்டும் கிடைத்தவரால் உள்ளே போக முடியாது. அம்மாவுடைய கைத்தொலைபேசியில் இதை இன்றே செய்து கொடுங்கள். தொலைபேசியைப் பறித்துவிட்டால் அவர் கற்றுக்கொள்ளவும் மாட்டார், அடுத்த முறை ஏதாவது நடந்தால் நம்மிடம் சொல்லவும் மாட்டார்.

அக்கரைப்பற்று வாசகர்:

காத்தான்குடிச் சகோதரி சொன்ன அந்தத் தெரியாத பெயரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். வங்கிக்கு வங்கி அனுப்பும் பணம் இப்போது சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதை எடுப்பதற்கு மோசடிக்காரருக்கு உள்நாட்டில் ஒரு கணக்கு வேண்டும். அதைத் தம் பெயரில் திறக்க மாட்டார்கள். நம் பிள்ளைகளிடம்தான் கேட்பார்கள். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் டெலிகிராமில் பகுதிநேர வேலை என்று சேர்ந்தான். காணொளிகளுக்கு விருப்பம் இட்டதற்கு முதல் நாள் உண்மையாகவே 500 ரூபா வந்தது. பிறகு, "உன் கணக்குக்கு வரும் பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிடு, நூற்றுக்கு ஐந்து உனக்கு" என்றார்கள். மூன்றாவது வாரம் கணக்கு முடக்கப்பட்டது. வாக்குமூலம் கொடுக்கக் கொழும்புக்கு அழைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் ஆவணங்களில் இருப்பது அவன் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மட்டுமே. குற்றத்தில் வந்த பணத்தை நேர்மையான பணம்போல் மாற்றுவதைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதை அவனுடைய தாய்தகப்பன் அப்போதுதான் அறிந்தார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம், கணக்கையோ அட்டையையோ சிம்மையோ எவருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லி வையுங்கள். ஆசிரியையாக இருக்கும் நீங்கள் வகுப்பிலும் சொல்லலாம்.

கல்முனை, ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்:

இதையும் சேர்த்துக்கொள்கிறேன். பணம் கணக்கிலிருந்து கணக்குக்குப் போயிருந்தால், நம் வங்கிக்கு உடனே அழைத்து, பெற்ற வங்கிக்கு அறிவித்து அந்தத் தொகையைத் தடுத்து வைக்கும்படி கேட்க வேண்டும். பணம் இயந்திரத்தில் எடுக்கப்படும் வரைதான் அதற்கு நேரம் இருக்கிறது. வெட்கத்தினால் ஒரு இரவு பேசாமல் இருந்தவர்கள் பணத்தை இழந்ததை என் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். வங்கியின் இலக்கத்தையும் இணையத்தில் தேடாதீர்கள், அங்கும் போலி இலக்கங்கள் இருக்கின்றன. அட்டையின் பின்னால் அச்சிட்டிருப்பதையே பயன்படுத்துங்கள்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தைக் கொடுத்து முத்திரையிட்ட பிரதியைப் பெற்றுவிட்டேன். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் கையில் இருக்கிறது. ஓய்வூதியம் சேரும் கணக்குக்கு இனி அட்டை இல்லை. வேறொரு சிறிய கணக்கில் பத்தாயிரம் ரூபா அளவு மட்டும் வைத்து, அதற்கு அட்டை எடுத்து, இணையவழிக் கொடுப்பனவை முடக்கும்படி கேட்டிருக்கிறோம்.

ஐயா சொன்ன காசோலை உவமையை அம்மாவிடம் சொன்னேன். நேற்று மாலை விறாந்தையில் இருந்து, பழைய ஓடிபி செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஆறு இலக்கத்தைக் கையால் மறைத்துவிட்டுத் தொகையை மட்டும் சத்தமாக வாசித்தார். இரண்டு இடங்களில் சதத்தையும் சேர்த்து வாசித்துவிட்டுத் தாமாகவே திருத்திக்கொண்டார். பிறகு சீட்டுக் கொப்பியின் கடைசித் தாளில் வங்கியின் இலக்கத்தையும், 1935, 101 ஆகியவற்றையும் எழுதி வைத்தார். சீட்டுக்கு வரும் பெண்களுக்கும் இதைச் சொல்லப் போவதாக அவரே சொன்னபோது, ஏமாந்தது நீங்கள்தான் என்றும் சொல்வீர்களா என்று நான் கேட்கவில்லை.